தாய்மொழி வழங்கும் அயல்நாடு

வேற்று நாட்டிற் குடிபுகுவோர் முதற்கண் கற்க வேண்டுவது அந்நாட்டு மொழி என்பது யாவரும் அறிந்ததே. வாடகை வீடு தேடுதற்கும், வேலை கேட்டு நிற்பதற்கும், மருத்துவரிடம் நோயை எடுத்துரைப்பதற்கும் அம்மொழி வேண்டும். ஆயின், தம் தாய்மொழியே வழங்கும் அயல்நாடொன்றில் அடைக்கலம் புகுவோர் நிலை யாது? மொழி எளிதாயிற்று, ஆகவே வாழ்வும் எளிதாயிற்று என்று நாம் எண்ணிவிடுதல் இயல்பு. அவ்வெண்ணம் பிழை என்பதை ஒரு திரைப்படம் நன்கு காட்டுகின்றது. 2025-ஆம் ஆண்டு மே முதல் நாள் வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' என்பது அதன் பெயர். தமிழ் பயில்வோர்க்கு அதனுள் ஒரு தனிச் செய்தி அடங்கியிருத்தலின், அதனைப் பற்றிச் சில கூறத் துணிந்தோம்.

இப்படத்தை எழுதி இயக்கிய அபிசன் ஜீவிந்த் இருபதுகளின் நடுவிலுள்ள இளைஞர். இதுவே அவர் முதற்படம். சசிகுமாரும் சிம்ரனும் கணவன் மனைவியராய் நடித்துள்ளனர். இசை ஷான் ரோல்டன் அமைத்தது. அதே நாளிற் சூர்யா நடித்த 'ரெட்ரோ' என்னும் பெருஞ்செலவுப் படமும் வெளிவந்தது; அதன் ஆரவாரத்திற்கிடையே இச்சிறு படத்தை எவர் காண்பர் என்று ஐயுற்றோர் பலர். கண்டோர் வாய்மொழியாலேயே இது நின்று ஓடியது. தெலுங்கு இயக்குநர் இராஜமௌலி வெளிப்படையாய்ப் பாராட்டிய பின்னர்ப் பிறமொழியாளரும் தேடிப் பார்த்தனர். பொருள் சுருங்கிய இடத்தில் மாளிகையும் மலைநாட்டுப் பாட்டும் அமைத்தல் இயலாது. அதனாற் கதை பெரும்பாலும் சென்னையின் ஒரு தெருவிலும் அத்தெருவின் வீடுகளிலுமே நிகழ்கின்றது. இக்குறுக்கம் இக்கதைக்கு நன்மையாகவே முடிந்தது. ஒளிந்து வாழ்வோர்க்கு உலகம் ஒரு தெரு அளவே அன்றோ!

கதை இது. இலங்கையில் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியால் வாழ வகையற்ற தர்மதாஸ், மனைவி வசந்தியோடும் இரு மைந்தரோடும் படகேறி இரவில் இராமேசுவரக் கரையில் இறங்குகின்றான். கரையிலே பிடித்த காவலர் ஒருவர் மனமிரங்கி விட்டுவிடுகின்றார். வசந்தியின் தமையன் பிரகாஷ் அவர்களைச் சென்னைக்கு அழைத்துச் சென்று வாடகை வீட்டிற் குடிவைக்கின்றான். வீட்டுக்காரரோ காவற்றுறையைச் சேர்ந்தவர்! இதற்கிடையே இராமேசுவரத்தில் வெடிகுண்டு ஒன்று வெடிக்க, புதிதாய்க் கரையேறிய அக்குடும்பத்தின் மீது ஐயம் படர்கின்றது. பிரகாஷ் அவர்க்கு இடும் முதற்கட்டளை, வாய் திறவாதீர்கள் என்பதே. பணத்தையோ படகையோ மறைக்கச் சொல்லவில்லை. பேச்சை மறைக்கச் சொல்கின்றான். எவரேனும் கேட்டால் கேரள நாட்டினர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமாம். தமிழர் தமிழ்நாட்டிலே தம் தமிழை ஒளித்து, மலையாளிகளென நடிக்க வேண்டிய நிலை! நகைச்சுவைக்கென அமைத்த இடமே எனினும், சிரித்து முடித்தபின் அது நெஞ்சில் நின்று உறுத்துகின்றது.

பேச்சு ஊரைக் காட்டிக்கொடுக்கும் என்பதை வத்தலக்குண்டில் வளர்ந்த நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. மதுரைச் சாலையும், திண்டுக்கல் சாலையும், தேனிச் சாலையும், கொடைக்கானல் மலைச்சாலையும் கூடும் ஊர் அது. சந்தைக்கு வந்தோன் 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்றால் மதுரைப் பக்கத்தான். 'ஏனுங்க' என்று தொடங்கினால் ஒட்டன்சத்திரத்திற்கு மேற்கே கொங்குப் பக்கத்தான். காய்கறி மூட்டையின் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் அவன் ஊரைச் சொல்லிவிடுவார். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய இராஜமையர் பிறந்த மண் இது, சி. சு. செல்லப்பாவை வளர்த்ததும், சிறுகதையோடு திரைப்படத்திலும் கைவைத்த பி. எஸ். இராமையாவை அளித்ததும் இதுவே. மக்கள் வாய்மொழியை உரைநடையில் ஏற்றிய எழுத்தாளர் மூவர் ஒரு சிற்றூரோடு தொடர்புற்றமைக்கு, பலவகைப் பேச்சுக் கலக்கும் அச்சந்தியும் ஒரு காரணமாகலாம் என்பது நம் ஊகம். அது நிற்க.

இனி, ஈழத்தார் பேச்சில் அவரைக் காட்டிக்கொடுப்பன யாவை என்பதைச் சிறிது விரித்துக் காண்போம். நாம் 'ஆமாம்' என்னுமிடத்து அவர் 'ஓம்' என்பர். நாம் பேசுகின்றோம், அவர் 'கதைக்கின்றனர்'. 'உங்களோடு கதைக்க வந்தேன்' என்று ஒருவர் நம்மூரிற் சொன்னால், கேட்போர் திண்ணையில் அமர்ந்து கதை கேட்கத் தயாராகிவிடுவர். 'கதை விடுகிறான்' என்னும் வழக்கை நினைத்து ஐயுறுவோரும் உண்டு. அழகு அவர்க்கு 'வடிவு'. நம்மிடம் அச்சொல் பெண்டிர் பெயரில் மட்டும் எஞ்சி நிற்கின்றது. விரைவாய் என்பதற்குக் 'கெதியாய்' என்பர். நாற்காலி 'கதிரை', காலணி 'சப்பாத்து', ரொட்டி 'பாண்'. இம்மூன்றும் போர்த்துக்கேசியர் விட்டுச்சென்றவை. அலுவலகத்தைக் குறிக்கும் 'கந்தோர்' ஒல்லாந்தர் தந்தது. பசித்த பிள்ளைக்குப் 'பாண்' கேட்டுக் கடைக்குச் செல்பவனிடம் வெற்றிலை பாக்கை மடித்துக் கொடுத்தாலும் கொடுப்பர்!

சொற்களையேனும் விழிப்போடு மாற்றிக்கொள்ளலாம். ஒலியை மாற்றுதல் அரிது. ஆங்கிலத்தின் நுனிநா ஒலியை நாம் டகரத்தால் எழுதுகின்றோம். அவர் ரகர றகரங்களால் எழுதுவர். நம் 'டிக்கெட்' அவர்க்கு 'ரிக்கற்'. நம் 'டொராண்டோ' அவர்க்கு 'ரொறன்ரோ'. இவையனைத்தினும் வியப்பூட்டுவது சுட்டெழுத்து. அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியத்திற் படிக்கின்றோம். அகரமும் இகரமும் நம் வாயில் வழங்குகின்றன. உகரமோ நமக்குத் தேர்வுத் தாளில் மட்டுமே உயிரோடுள்ளது. யாழ்ப்பாணத்தார் இன்றும் 'உது', 'உவன்', 'உங்கை' என்று இயல்பாய்ப் பேசுகின்றனர். கேட்போன் பக்கத்திலுள்ள பொருளை அது சுட்டும். நாம் நூலில் மனப்பாடம் செய்வதை அவர் அடுக்களையில் வழங்குகின்றனர். அத்துணைப் பழந்தமிழ் வழக்கைக் காத்த நாவே சென்னைத் தெருவில் அயலானைக் காட்டிக்கொடுக்கும் நாவாகின்றது. தமிழ்த்துறை மாணவர் எவர்க்கும் இஃது எளிதிற் செரிக்கும் செய்தியன்று.

இப்படத்தோடு வைத்து நோக்கத்தக்கது, 2015-இல் கான் விழாவிற் பொற்பனை விருது பெற்ற 'தீபன்'. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓதியார் எடுத்தது. எனினும் பெரும்பகுதி உரையாடல் தமிழே. போரிற் றோற்ற போராளி ஒருவன், முன்பின் அறியாத பெண்ணொருத்தி, பெற்றோரற்ற சிறுமி ஆகிய மூவரும் இறந்தோர் கடவுச்சீட்டுகளைக் கொண்டு ஒரு குடும்பமாய் நடித்துப் பாரிசின் புறநகரை அடைகின்றனர். தீபனாய் நடித்தவர் ஷோபாசக்தி என்னும் பெயரால் நாம் அறிந்த எழுத்தாளர் அந்தோனிதாசன். தாமே 1993-இற் பிரான்சில் அடைக்கலம் புகுந்தவர். அங்கே அவர்க்கு மொழி ஒரு மதில். பள்ளி சென்று பிரெஞ்சு பயிலும் சிறுமியே பெரியோர்க்கு வாயாகின்றாள். ஆயினும், அம்மதிலின் உட்புறத்தே அவர் அச்சமின்றித் தமிழிற் பேசலாம், காட்டிக்கொடுப்பார் இலர். சென்னையிலோ மதிலும் இல்லை, மறைவும் இல்லை. இரண்டில் எது கொடிதென்று எம்மால் துணிய இயலவில்லை. கலைத்திறத்தில் 'தீபன்' ஆழமுடையது. ஆனால் அதன் இறுதியில் வரும் துப்பாக்கிச் சண்டை அவ்வாழத்தைக் குறைத்துவிட்டது என்போம். நம் சிறுபடத்தில் அக்குறை இல்லை.

கடல் கடந்து மீளும் துயரம் தமிழ்த்திரைக்குப் புதிதன்று. 1952-இல் வந்த 'பராசக்தி' இரங்கூனிலிருந்து போரால் துரத்தப்பட்டுத் திரும்புவோர் கதை. தாய்நாட்டில் இறங்கிய நாளே கைப்பொருளை இழக்கின்றான் குணசேகரன். அதன்பின் 1964 அக்டோபரில் எழுந்த சிறிமாவோ சாத்திரி உடன்படிக்கை 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்க வகை செய்தது. தலைமுறைகள் பலவாய்த் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தவர் அவர். திரும்பியோருட் சிலர் நீலகிரியிலும், சிலர் கொடைக்கானல் மலையிலும் குடியேறினர். கொடை மலைக்கு வாயில் வத்தலக்குண்டே. அவரைப் பற்றி ஒரு நல்ல படம் எடுத்தார் இலர் என்பது நமக்கு வருத்தமே.

1983 சூலைக் கலவரத்திற்குப் பின் வந்தோர் வேறு வகையினர். அலை அலையாய் 2009 வரை வந்த அவர்க்கெனத் தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் எழுந்தன. திண்டுக்கல்லைச் சூழ்ந்தும் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முதலிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. சில திங்கட்கென எழுப்பிய தகரக் கொட்டகைகளில் ஆண்டுகள் பல கழிந்தன. 2021-இல் 'அகதிகள் முகாம்' என்னும் பெயர் நீக்கப்பட்டு 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. 2022 செப்டம்பரில் தோட்டனூத்தில் 321 புதிய வீடுகள் திறக்கப்பட்டன. பெயர் மாற்றத்தால் ஆவதென்ன என்று கேட்போர் உளர். பள்ளிப் படிவத்தில் முகவரி எழுதும் சிறுவனைக் கேட்டால் விடை கிடைக்கும். கதியற்றவன் என்று பொருள்படும் சொல்லை அவன் தன் கையாலேயே தன் பெயரின் கீழ் எழுதிவந்தான்.

2022-இல் இலங்கை அரசு அயல்நாட்டுக் கடனைச் செலுத்த இயலாமற் கைவிரித்தது. எரிபொருட்கும் சமையல் எரிவாயுவிற்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். தாளின்மையாற் பள்ளித் தேர்வுகளும் தள்ளிப்போயின. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் தனுஷ்கோடியை அடுத்த மணற்றிட்டில் முதற் குடும்பங்கள் படகிலிருந்து இறக்கி விடப்பட்டன. அவரைத் துரத்தியது குண்டன்று, பசி. தர்மதாஸ் குடும்பம் இவ்வலையைச் சேர்ந்தது. போரால் வந்தோர்க்கு இரங்கும் நெஞ்சமும், பசியால் வந்தோனைப் 'பிழைக்க வந்தவன்' என்று ஒதுக்கிவிடும். இப்படம் அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. அதுவே அதன் துணிவு என்று கருதுகின்றோம்.

ஓரிடத்தில் மட்டும் இப்படத்தோடு முரண்படுகின்றோம். அக்குடும்பத்தார் அனைவரும் மிக நல்லவர். ஒருவரையொருவர் அறியாத அத்தெருவாரை அவரே பிணைக்கின்றனர். முதிய மாது ஒருத்தி இறந்தபோது, அண்டை வீட்டாரை அழைத்துக் கூட்டுபவன் தர்மதாஸ். காண்போர் கண்ணீர் சிந்தும் கட்டம் அது, யாமும் விலக்கல்லேம். எனினும், இத்துணை நற்குணம் அவர்க்கு இல்லாதிருந்தால் என் செய்வது? சினமுடையவனாகவோ, சோம்பலுடையவனாகவோ, அண்டை வீட்டாரோடு பேசப் பிடியாதவனாகவோ தர்மதாஸ் இருந்திருந்தால் அவனைப் படகேற்றித் திருப்பி அனுப்பிவிடலாமா? உள்ளூரிற் பிறந்த நம்மிடம் எவரும் நற்சான்று கேட்டுக் குடியிருக்க விடுவதில்லை. நல்லவனாயிருத்தலை நுழைவுக் கட்டணமாக்கிவிட்டது கதை. ஒருவேளை, சிறுமுதற் படத்திற்குக் காண்போர் அன்பை விரைவிற் பெற வேண்டிய நெருக்கடியும் அதற்குக் காரணமாகலாம்.

இறுதியிற் காவலர் அத்தெருவை நாடி வரும்பொழுது தெருவார் என் செய்தனர் என்பதை ஈண்டு உரைத்துக் காணாதார் சுவையைக் கெடுக்க விரும்புகிலோம். பேச்சால் வந்த இடர் பேச்சாலேயே தீர்கின்றது என்னுமளவில் நிறுத்துகின்றோம். மதுரைத் தெருப்பேச்சைச் 'சுப்பிரமணியபுரம்' என்னும் படத்தில் 2008-இல் ஏற்றிய சசிகுமாரே இங்கு ஈழப்பேச்சை மேற்கொண்டு உழைத்திருப்பதும் கருதத்தக்கது.

திரைக்கு வெளியே நிலை வேறு. அடைக்கலம் புகுந்தோர்க்கான 1951-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கைச்சாத்திடவில்லை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தோரைக் கருதவில்லை. 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், உரிய சீட்டு இன்றித் தங்கியமைக்காகத் தண்டிக்கப்படார் என்று 2025 செப்டம்பரில் நடுவணரசின் ஆணையொன்று வெளிவந்தது. தோட்டனூத்தில் வாழும் முதியோர் பலர்க்கு அஃது ஆறுதலே. முகாமிற் பிறந்து, வீட்டிற் கதைத்துப் பள்ளியிற் பேசி, இருவகைத் தமிழும் கைவரப்பெற்ற அவர்தம் பேரப்பிள்ளைகளோ குடியுரிமைக்கு இன்னும் காத்திருக்கின்றனர். 2022-இற் படகேறி வந்தோர்க்கு அவ்வாணையும் இல்லை.