எள்ளை மறந்த எண்ணெய்

கடைகளில் 'எள் எண்ணெய்' என்று எழுதிய புட்டிகளைக் காண்கிறோம். அத்தொடரில் எள் இருமுறை வந்துள்ளது. ஏனெனில், எண்ணெய் என்பதே எள் + நெய் எனப் பிரியும் சொல். மெல்லினம் வருமொழி முதலில் வருவதால் நிலைமொழி ஈற்று ளகரம் ணகரமாகும். நாள் + மலர், நாண்மலர் ஆவது போல. அதனையொட்டி வருமொழி நகரமும் ணகரமாகத் திரியும். வெண்ணெய் இதன் உடன்பிறப்பைப் போல ஒலித்தாலும் வெண்மை + நெய் என்னும் பண்புத்தொகை.

'நெய்' என்றதும் நமக்கு உருக்கிய வெண்ணெயே நினைவுக்கு வரும். பழந்தமிழில் அச்சொல்லின் எல்லை பெரிது. பாலிலிருந்து பெறுவதும் வித்திலிருந்து பிழிவதும் நெய்யே. எள்ளிலிருந்து பிழிந்த நெய் எண்ணெய் எனப்பட்டது. காலப்போக்கில் அப்பெயர் எள்ளை விட்டு விலகி, வித்துகளின் நெய் அனைத்துக்கும் பொதுவாயிற்று. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியவற்றில் ஓர் எள்ளும் இல்லை. பொதுப்பெயராகிவிட்டமையால், எள்ளின் நெய்க்குத் தனி அடைமொழி தேவைப்பட்டது. அதுவே நல்லெண்ணெய் என்று கருதலாம்.

இவ்வாறு பொருள் விரிவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் திலம் என்றால் எள். தைலம் அதிலிருந்து பிறந்தது. தெலுங்கில் எள்ளை நூவுலு என்பர். நூனெ அதன் வழிவந்தது. ஒலிவம் விளையும் கிரேக்க நாட்டில் ஒலிவத்தின் பெயரே எண்ணெய்க்கும் ஆகி, இலத்தீன் வழியாக ஆங்கிலத்தின் 'ஆயில்' வரை சென்றது. எந்த வித்தை எந்த மக்கள் முதன்மையாகப் பிழிந்தார்கள் என்பதை அவர்களுடைய சொல்லே காட்டிவிடுகிறது.

நிலத்தடியிலிருந்து கிடைத்த எரிபொருளுக்கு மக்கள் மண்ணெண்ணெய் எனப் பெயரிட்டனர். அதில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை; ஆயினும் பெயர் பொருத்தமாகவே அமைந்தது. அதனையே சிற்றூர்களில் 'கிருஷ்ணாயில்' என்றும் வழங்குவர். அயற்சொல்லைக் காதுக்குப் பழகிய பெயராக மாற்றிக்கொள்ளும் மக்கள் வழக்கின் சுவையான சான்று அது. ஆமணக்கின் நெய் விளக்கெரித்ததால் விளக்கெண்ணெய் ஆயிற்று. மின்விளக்கு வந்தபின்னும் பெயர் மாறவில்லை. மந்தமானவரைப் பழிக்கும் சொல்லாகவும் அது பேச்சில் நிலைத்துவிட்டது.

விளம்பரப் பலகைகளில் அடிக்கடி காணப்படும் 'எண்ணை' என்னும் வடிவம் பிழை. நெய் என்னும் பகுதி அதில் சிதைந்துவிடுகிறது. எண்ணை என்பது எண் + ஐ, அதாவது இரண்டாம் வேற்றுமை ஏற்ற எண். 'எண்ணைக் கூட்டு' என்றால் கணக்கு. 'எண்ணெயைக் காய்ச்சு' என்றால் சமையல்.