பழைய பெருவழிகளும் குடும்பப் பயணமும்

நம் சங்க அங்கத்தினர் பலருடைய வீடுகளில், பாட்டன் பாட்டியார் காலத்துப் பயணங்களைப் பற்றிய பேச்சு இன்றும் எழுவதுண்டு. ஆண்டிபட்டிக் கணவாய் கடந்து மதுரைக்கு வண்டி கட்டிச் சென்றதும், ஏலத்தோட்ட வேலைக்காகக் கம்பம் மெட்டிலும் போடி மெட்டிலும் பிள்ளைகளைச் சுமந்து ஏறியதும், சித்திரைப் பௌர்ணமிக்கு மங்கலதேவி மலைக்கு நடந்ததும் அப்பேச்சில் வரும். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இரயில் வந்ததே 1928-ஆம் ஆண்டில்தான். உலகப் போர்க் காலத்தில் அந்தப் பாதையும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பத்தாண்டுக்கு மேல் இல்லாதிருந்தது. இரயிலும் பேருந்தும் இல்லாத காலத்தில், படமும் கருவியும் கையில் இல்லாத குடும்பங்கள் எவ்வாறு வழியறிந்து சென்று நலமே திரும்பின என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் நம் பள்ளத்தாக்கின் அமைப்பை நினைவிற் கொள்ள வேண்டும். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகள். இடையே முல்லையாறும் சுருளியாறும் வடகிழக்காக ஓடி வந்து தேனிக்கு அருகே வையையோடு சேர்கின்றன. ஆகவே ஆற்றை எதிர்த்து நடப்பவர் உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று மலையடிவாரத்தை அடைவர்; ஆற்றோடு நடப்பவர் மதுரைச் சீமையை அடைவர். ஆறே முதல் வழிகாட்டி.

இம்முறை மிகத் தொன்மையானது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரையின் மேற்கு வாயில் வழியே வெளியேறி, வையைக் கரையைப் பற்றியே நடந்து மலைநாட்டை அடைகிறாள். அவள் ஏறி நின்ற குன்று கூடலூருக்கு மேலுள்ள மங்கலதேவிக் கோட்டம் அமைந்த மலையே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். சித்திரைப் பௌர்ணமியன்று பளியன்குடி வழியாக அம்மலைக்கு ஏறும் நம் மக்களும் அந்த எண்ணத்தோடுதான் ஏறுகின்றனர்.

அதே காப்பியத்தில் இன்னொரு பயணமும் உண்டு. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு புகாரிலிருந்து மதுரைக்கு நடக்கின்றனர். இடைவழியில் எதிர்ப்பட்ட மறையவன் ஒருவன், கொடும்பையின் ஏரிக்கரைக்கு அப்பால் வழி மூன்றாகப் பிரியும் என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் காணப்படும் மரம், மலை, பொய்கை, நேரக்கூடிய இடர் ஆகியவற்றை முறையாக எடுத்துரைக்கிறான். ஒரு வழியில் சிறுமலை தோன்றும். அதனை வலப்பக்கமாக வைத்துக்கொண்டு செல்க என்கிறான். திண்டுக்கல்லுக்கு அருகே அச்சிறுமலை இன்றும் நிற்கிறது. இதுவே வாயால் வரைந்த வழிப்படம். பாண்டி நாட்டு எல்லைக்குள் வந்தபின், வெயிலைக் கண்ணகி தாங்காள் என்பதால் அவர்கள் பகலில் தங்கி நிலவொளியில் நடக்கின்றனர். பெண்டிரும் பிள்ளைகளும் உடன் வரும்போது இரவே பயண நேரம் என்பது நம் வண்டிக்காரர் வரை வழங்கிய விதியாகும்.

இரவில் திசையும் நேரமும் அறிவதற்கு வானம் துணை செய்தது. துருவ நட்சத்திரம் நம் ஊர்களில் அடிவானத்திலிருந்து பத்துப் பாகை அளவுக்கே உயரும்; மரமோ குன்றோ இருந்தால் மறைந்துவிடும். எனவே கிழக்கே எழும் மீன்களையே நம் முன்னோர் பெரிதும் நம்பினர். நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால், விண்மீன்கள் இங்கு ஏறக்குறைய நேராக மேலெழுந்து நேராக இறங்கும். கிழக்கையும் மேற்கையும் அவை தெளிவாகக் காட்டும். கார்த்திகை மாதத்தில் நள்ளிரவையொட்டி உச்சிக்கு வரும் கார்த்திகை மீன்கூட்டம், தை மாதத்தில் முன்னிரவிலேயே அங்கு வந்துவிடும். மாதமும் மீனும் அறிந்தவருக்கு நாழிகை தெரியும். விடிவெள்ளி தோன்றும் காலத்தில் அதைக் கண்டதும் அடுத்த தங்கலை நோக்கி மாட்டை முடுக்குவர்.

தொலைவை அளப்பதும் நடையைக் கொண்டே. ஒரு நாழிகை 24 நிமிடம். அந்நேரத்தில் ஓர் ஆள் நடக்கும் தூரம் நாழிகை வழி. அதற்குக் குறைந்தது கூப்பிடு தூரம். நாழிகை வழியினும் பெரியது காதம். கூண்டு வண்டி மணிக்கு இரண்டு மைல் போகும். ஓர் இரவில் 15 முதல் 20 மைல் கடந்தால் நல்ல ஓட்டம். மதுரையிலிருந்து கூடலூர் 75 மைலுக்குச் சற்று மேல். ஆகவே நான்கு அல்லது ஐந்து இரவுப் பயணம். அத்தனை நாளைக்கும் கட்டுச்சோறு கெடாதிருக்கப் புளியோதரையும், பின்னர் அவலும் மாவும், மாட்டுக்கு வைக்கோலும், அச்சுக்கு மசகும், மாற்றுக் கடையாணியும் எடுத்துச் செல்வர். மலை ஏற்றத்தில் பெரியவர் இறங்கி நடப்பர். வண்டி பின்னுக்கு உருளாதபடி ஒருவர் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டே வருவர்.

பெருவழிகளில் வழிகாட்டிக் கற்களும் பழங்காலத்திலேயே இருந்தன. தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டையில் கிடைத்த கல்லொன்று அதியமான் பெருவழியைச் சேர்ந்தது. நாவல்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்பதை அது எழுத்திலும் எண்ணிலும் கூறுகிறது. அதோடு நில்லாமல், இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறு குழிகளும் அதில் செதுக்கப்பட்டுள்ளன. பெருங்குழி ஒன்று பத்துக்கு. சிறுகுழி ஒன்று ஒன்றுக்கு. எழுத்தறியாதவரும் இருளில் வருபவரும் விரலால் தடவித் தூரத்தை அறியலாம். ஏழை வழிப்போக்கனையும் மனத்திற் கொண்டு அக்கல் நாட்டப்பட்டது எனலாம்.

இதுவரை கூறியவை வழியறியும் முறைகள். ஆனால் வழி தெரிந்துவிட்டால் மட்டும் ஒரு குடும்பம் ஊர் போய்ச் சேர்ந்துவிடாது. குழந்தைக்குத் தண்ணீர் வேண்டும். கர்ப்பிணிக்கு நிழல் வேண்டும். சுமை தூக்கியவனுக்கு இறக்கி வைக்க இடம் வேண்டும். நோய் கண்டவருக்குத் திண்ணை வேண்டும். இவற்றை ஒரு தனிக் குடும்பம் தன் வண்டியில் ஏற்றிச் செல்ல முடியாது. இவை வழியிலேயே இருக்க வேண்டும். வேறு யாரோ முன்னரே செய்து வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் அவ்வாறு செய்து வைத்தனர். 1689 முதல் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் அமைத்ததை நாடறியும். அவர் பெயரால் மங்கம்மாள் சத்திரம் மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் வழங்குகிறது. ஆனால் அரசர் செய்தவற்றினும் ஊரார் செய்தவை மிகுதி. ஆளுயரத்தில் இரு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்திய சுமைதாங்கி, பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் உதவியது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் சுமைதாங்கி நாட்டுவது தமிழ்நாட்டில் பரவலான வழக்கமாக இருந்தது. தம் வீட்டுத் துயரை வழிப்போக்கரின் இளைப்பாறலாக மாற்றிய பண்பு அது. கோடையில் தண்ணீர்ப் பந்தல், சாலையோரம் புளியும் ஆலும், ஊர் எல்லையில் ஊருணி ஆகிய யாவும் பொதுவுடைமையாகப் பேணப்பட்டன.

இவை இல்லாத வழி எப்படியிருந்தது என்பதற்கு, நம் மக்களே நடந்த வேறொரு பாதை சான்றாகும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், காப்பித் தோட்ட வேலைக்காக மதுரை, திருநெல்வேலி முதலிய சீமைகளிலிருந்து ஏராளமானோர் இலங்கைக்குச் சென்றனர். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் காட்டு வழியில் நடந்தனர். வழி தெரியாமல் அவர்கள் தவிக்கவில்லை. கங்காணி முன்னே நடந்தார். ஆயினும் தண்ணீரும் தங்குமிடமும் போதாமல், காலராவாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தவர் மிகப் பலர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே இரயிலோடு இணைந்த கப்பல் போக்குவரத்து வந்தது 1914-ஆம் ஆண்டில்தான். இரு பாதைகளிலும் நடந்தவர் ஒரே மக்கள்; நடையும் ஒரே நடை. ஒன்றில் ஊர்கள் வழிப்போக்கரைத் தம் விருந்தினராகக் கொண்டன. மற்றொன்றில் அவர்கள் வெறும் கூலிக் கணக்காயினர்.

கூட்டமாகச் செல்வதும் அக்காலப் பாதுகாப்பு. வணிகர் கூட்டத்தைச் சாத்து என்றனர் முன்னோர். நெசவாளர் துணி மூட்டையோடு சந்தைக்குச் செல்கையிலும், ஏலத்தோட்டத்துக்கு ஆட்கள் செல்கையிலும் பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தே புறப்பட்டன. ஒருவர் வண்டி முறிந்தால் மற்றவர் நின்றனர். விரைந்து செல்பவரின் வேகம் கணக்கில் வராது. மெல்லச் செல்பவரின் வேகமே சாத்தின் வேகம்.

இன்று கைப்பேசி வழியைக் காட்டுகிறது. 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் அகல இரயில் வந்துவிட்டது. இவை பெரும் நன்மைகளே. எனினும் ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலையில் மலையேறும் பெண்களுக்கும், மூட்டையோடு பேருந்துக்குக் காத்து நிற்கும் நெசவாளிக்கும் நிழலையும் நீரையும் கைப்பேசி தராது. அவற்றை மனிதர்தான் செய்து வைக்க வேண்டும்.

ஆதலால் அங்கத்தினர்களுக்குச் சிலவற்றைக் கூற விரும்புகிறோம். சாலை அகலப்படுத்தும்போது உங்கள் ஊர்ச் சுமைதாங்கியைப் புதைத்துவிடாமல் பக்கத்தே எடுத்து நாட்டச் செய்யுங்கள். பழைய தங்கல்கள், ஊற்றுகள், மலைப்பாதைகளின் பெயர்களை முதியோரிடம் கேட்டுச் சங்கப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். பங்குனி பிறக்கும் முன்பே ஆட்கள் வண்டியேறும் இடத்தில் சங்கத்தின் சார்பில் ஒரு தண்ணீர்ப் பந்தல் அமையுங்கள். செலவு சிறிது, பானைகளை நாள்தோறும் நிரப்ப முறை வைத்துக்கொண்டால் போதும்.