மடியிலேயே ஒரு உடற்கூறு பாடம்!

"அங்கிள், டாக்டருக்குப் படிக்கணும்னா பூனையை அறுத்தே ஆகணுமா?"

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இப்படிக் கேட்டாள் பக்கத்து வீட்டுப் பெண். பிளஸ் டூ மாணவி. மடியில் அவள் வளர்க்கும் சாம்பல் பூனை. அமெரிக்காவில் படிக்கும் அத்தை மகள், "எங்க ஸ்கூல்ல பூனை டிஸெக்‌ஷன்" என்று போனில் சொன்னதிலிருந்து இவளுக்கு ராத்தூக்கம் போச்சு. டாக்டர் ஆசையையே விட்டுவிடலாமா என்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

அத்தை மகள் சொன்னது நிஜம்தான். அங்கே பல பள்ளி, கல்லூரிகளில் இது நடக்கிறது. காப்பகங்களில் கருணைக்கொலை செய்யப்பட்ட பூனைகளைப் பதப்படுத்தி, தமனியில் சிவப்பு, சிரையில் நீலம் என்று ரப்பர் பால் ஏற்றி விற்கிறார்கள். தோலை உரித்துவிட்டு, தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதில் கத்தியைவிட விரலுக்குத்தான் வேலை அதிகம்.

ஏன் பூனை? தவளைக்கு உதரவிதானம் கிடையாது. இதயத்தில் மூன்றே அறைகள். எலிக்குப் பித்தப்பை இல்லை. பூனைக்கோ நம்மைப் போலவே நான்கு அறை இதயம், உதரவிதானம், பித்தப்பை எல்லாம் உண்டு. அதற்காகப் பூனை மனிதனாகிவிடுமா? நம் பைசெப்ஸ் தசைக்கு இரண்டு தலை, பூனைக்கு ஒன்றுதான். விலா எலும்பு நமக்கு 12 ஜோடி, அதற்கு 13. குடல்வால் இல்லாததால் அப்பெண்டிசைட்டிஸ் பயம் இல்லை, கொடுத்து வைத்த ஜென்மம்! காறை எலும்பு எந்த எலும்போடும் ஒட்டாமல், சின்னத் துண்டாகச் சதைக்குள் கிடக்கிறது. தலை நுழைகிற சந்தில் உடம்பையும் நுழைத்துவிடுகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் விலங்கியல் படித்த காலத்தில் தவளைதான். அறுத்ததில் என் மனசில் தங்கியது ஃபார்மலின் நெடி மட்டுமே. (அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் அறிவித்தது.) சென்னை புளூ கிராஸ் அமைப்பு, கம்ப்யூட்டரிலேயே தவளையைப் பிரித்துப் பார்க்க 'கம்ப்யூஃப்ராக்' தயாரித்தது. விலங்கியல் வகுப்புகளில் அறுவையைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி 2011-ல் வழிகாட்டிய பல்கலைக்கழக மானியக் குழு, 2014-ல் முழுவதுமாக நிறுத்தச் சொல்லிவிட்டது.

"அப்ப எம்.பி.பி.எஸ்.ல?"

அங்கே முதலாண்டில் படிப்பது மனித உடலை வைத்து. குடும்பத்தார் தானமாகக் கொடுத்த உடல்கள், யாரும் உரிமை கோராத உடல்கள். 2013-ல் தொடங்கிய நம்ம திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியிலும் உடற்கூறு பாடம் இருக்கிறது, பூனை இல்லை. கால்நடை மருத்துவம் என்றால் விலங்கின் உடலைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். அது வேறு கதை.

உறுப்புகளைக் கண்ணால் பார்க்க ஆசையா? ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மட்டன் கடைக்குப் போகச் சொன்னேன். ஈரல், நுரையீரல், இதயம், சுவரொட்டி எல்லாம் வரிசையாகத் தொங்கும். சுவரொட்டிதான் மண்ணீரல் என்றதும் பெண்ணுக்கு ஆச்சரியம்!

"பூனைப் பாடம் உன் மடியிலேயே இருக்கே" என்றேன். தோள்பட்டையை மெதுவாகத் தடவச் சொன்னேன். உள்ளே எலும்பு வழுக்கி நகர்ந்தது. பிறகு இடது முழங்கைக்குப் பின்னால், விலாவில் இரண்டு விரலை வைத்தாள். நிமிஷத்துக்கு 140-க்கு மேல் அடிக்கும் இதயம். வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். எண்பதைத் தாண்டியதும் பூனை எழுந்து, சோம்பல் முறித்துவிட்டு, கேட்டுக் கம்பிச் சந்தில் நுழைந்து போய்விட்டது.