வண்டியின் உஷ்ணக்காற்று விசிறி நின்றுபோனால் செய்யத்தக்கவை

நீலகிரியில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் உறைபனி படிவது சகஜம். உருளைக்கிழங்கும் காரட்டும் ஏற்றிக்கொண்டு அந்நேரத்தில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் வண்டிகளில், முன்கண்ணாடியின் உட்புறம் மூச்சின் ஈரம் படிந்து பாதையை மறைத்துவிடும். எஞ்சினின் வெந்நீர் ஓடும் சிறு குழாய்க்கூட்டின் ஊடே காற்றைச் செலுத்தி அவ்வீரத்தைப் போக்குவது உஷ்ணக்காற்று விசிறியேயாம். அது நின்றபின் கொண்டையூசி வளைவுகளில் இறங்குவது உயிருக்கு அபாயம். ஆயினும் பழுது பெரும்பாலும் சிறியதே. கிரமமாகச் சோதித்தால் வீண்செலவு நேராது.

சோதனைக்கு வேண்டுவது இரண்டு கம்பிகள் பொருத்திய 12 வோல்ட் பல்பு ஒன்று. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, விசிறி ஸ்விட்சை உச்ச வேகத்தில் வைக்கவேண்டும்.

1. பியூஸ்: விசிறிக்குரிய பியூஸ் உருகியிருப்பின், அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடவேண்டும். தகடு பியூஸ்களில் மஞ்சள் 20 ஆம்பியரையும், பச்சை 30 ஆம்பியரையும் குறிக்கும். பெரிய பியூஸ் போடுவதும் செப்புக்கம்பி சுற்றுவதும் கூடாது. பியூஸ் உருகுவதற்குப் பதிலாக வண்டியின் கம்பிகள் காய்ந்து தீப்பற்றும். புதிய பியூஸும் உடனே உருகினால், விசிறி இறுகியிருக்கலாம், அல்லது கம்பியின் உறை கிழிந்து இரும்பில் படலாம்.

2. ரெஸிஸ்டர்: விசிறி உச்ச வேகத்தில் மட்டும் ஓடி, குறைந்த வேகங்களில் ஓடாதாயின் மோட்டார் கெடவில்லை; வேகத்தைக் குறைக்கும் ரெஸிஸ்டரே கெட்டது. அதன் இணைப்பு உருகியிருந்தால் அதனையும் மாற்றவேண்டும்.

3. மோட்டார்: எவ்வேகத்திலும் ஓடாதாயின், மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, வரும் இரு முனைகளுக்கும் பல்பைத் தொடுக்கவேண்டும். பல்பு நன்றாக எரிந்தால் மோட்டாரே பழுது. எரியாவிடில், பல்பின் ஒரு கம்பியை வண்டியின் சுத்தமான இரும்பில் வைத்து, மற்றதால் ஒவ்வொரு முனையையும் தொடவேண்டும். ஒன்றில் எரிந்தால் மின்சாரம் திரும்பும் வழி அறுந்துள்ளது. எதிலும் எரியாவிடில் ஸ்விட்ச், ரிலே, கம்பி ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். மின்னணுக் கருவியால் வேகம் மாறும் வண்டிகளை மெக்கானிக்கிடம் காட்டுவதே நலம்.

மோட்டாரை மரத்துண்டால் மெல்லத் தட்டியதும் ஓடினால், உள்ளிருக்கும் கார்பன் பிரஷ்கள் தேய்ந்தன என்றறிக. அது விரைவில் மீண்டும் நிற்கும். சாவியை எடுத்தபின் விசிறியைக் கையால் சுழற்றிப் பார்த்தால், சருகோ எலிக்கூடோ அடைத்திருப்பது புலப்படும்.

விசிறி நன்கு ஓடியும் காற்று சுடாதிருப்பின், குற்றம் விசிறியிலன்று. எஞ்சினின் வெந்நீர் சரிவர ஓடாதிருக்கலாம்.

பழுது தீரும்வரை, ஜன்னலைச் சிறிது திறந்து, கண்ணாடி தெளிந்த பின்னரே வண்டியை எடுக்கவேண்டும். மண்டிக்கு ஒரு மணி தாமதமாவதால் வரும் நஷ்டம் சிறிது. பனிக்காலத்திற்கு முன்பே இச்சோதனையைச் செய்யும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது நன்மை பயக்கும்.