லீக் வந்தப்பவே வயசு 39... கபடி 'கார்னர்' சேரலாதன் 44 வயதிலும் தாக்குப்பிடித்தது எப்படி?

காரியாபட்டி சுற்றுவட்டாரத்தில் பொங்கல், கோயில் திருவிழா என்றால் ராத்திரி லைட் வெளிச்சத்தில் கபடி களைகட்டும். பாடிப் போய் ரெண்டு பேரைத் தொட்டுட்டு வர்றவருக்கு விசில் பறக்கும். ஓரத்தில் குனிந்து நின்று காலைப் பிடிப்பவரை பலரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால், அந்த ஓரத்தில் நின்றே 44 வயதிலும் தொழில்முறை கபடி ஆடியவர் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன்.

யார் இந்த சேரலாதன்?

1975-ல் பிறந்தவர். 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியபோதே அவருக்கு 39 வயது. பலர் ஓய்வு பெற்று பயிற்சியாளராகும் வயது அது. 2016 ஜூலையில் ஹைதராபாத்தில் நடந்த நான்காவது சீசன் இறுதிப்போட்டியில் அவர் தலைமையிலான பாட்னா அணி, ஜெய்ப்பூரை 37-29 என வீழ்த்தி கோப்பையைத் தூக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக்கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது வயது 41. 2019-ல் ஹரியானா அணிக்கு கேப்டனாக இறங்கியபோது 44. சக வீரர்களுக்கு அவர் 'அண்ணா'.

கார்னரின் வேலை என்ன?

ஏழு பேர் நிற்கும் வரிசையில் இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்கள்தான் கார்னர். பாடி வருபவருக்கு 30 விநாடிதான் நேரம். அவர் போனஸ் கோட்டை நோக்கி காலை நீட்டும் அந்த நொடியில் கார்னர் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் தொட்டுவிட்டுப் போய்விடுவார். கொஞ்சம் பிந்தினால் கால் கிடைக்காது. பிடியிலிருந்து அவர் தப்பி நடுக்கோட்டைத் தொட்டால், அவரைத் தொட்ட அத்தனை பேரும் அவுட்!

அதனால் சும்மா இருப்பதும் ஒரு ஆட்டம்தான். ஒரு அணி தொடர்ந்து இரண்டு முறை பாடி வந்து புள்ளி எடுக்காவிட்டால், மூன்றாவது முறை கட்டாயம் எடுக்கணும், இல்லைன்னா பாடி வந்தவர் அவுட். அவசரப்படாத கார்னர் எதிராளியை இந்த நெருக்கடிக்குத் தள்ளிவிடுவார்.

வயசானாலும் எப்படி முடிந்தது?

பாடிப் போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் மின்னல் வேகம் வேணும். டிஃபெண்டருக்கும் வேகமும் பலமும் தேவைதான். ஆனால் எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று படிக்கும் கண்தான் முதல் மூலதனம். அது ஆட ஆடத்தான் வரும்.

அமெரிக்கன் ஃபுட்பாலிலும் இதற்கு உதாரணம் உண்டு. அங்கே எதிரணி பந்தைப் பிடிக்கவிடாமல் ஓரத்தில் தடுப்பவருக்குப் பெயர் 'கார்னர்பேக்'. அந்த இடத்தில் டேரல் கிரீன் வாஷிங்டன் என்ற ஒரே அணிக்காக 1983 முதல் 2002 வரை 20 சீசன் ஆடினார். ஓய்வு பெறும்போது வயது 42. நம்ம சேரலாதன் அதையும் தாண்டியவர்!

ஊர்ப் பசங்களுக்கு என்ன சேதி?

சேரலாதனின் இருபதுகளும் முப்பதுகளும் பெரும்பாலும் கேமரா இல்லாத மைதானங்களிலேயே போய்விட்டன. இன்று லீக் இருக்கிறது. ஆனால் அது மண்ணில் இல்லை, மேட்டில் நடக்கிறது. ஷூ போட்டு ஆடணும், எடை 85 கிலோவைத் தாண்டக் கூடாது. மண்ணில் மட்டுமே ஆடிப் பழகிய பசங்களுக்கு முதல் சவால் அந்த மேட்தான். வயசு அதுக்கு அப்புறம்தான்.