அரை மார்க் குறைஞ்சா 45 பாயிண்ட் காலி: ஐஇஎல்டிஎஸ் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



எனக்குச் சொந்த ஊர் தாமல். காஞ்சிபுரம் தாண்டி பெங்களூரு ஹைவேயில் போனா வரும். 2022-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துட்டு இருந்தேன். சம்பளம் 32,000. கனடா பிஆர் ஆசையில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தேன். "ஐஇஎல்டிஎஸ்ல எதை எழுதினாலும் ஒண்ணுதான் சார்"னு சொன்னாங்க. நம்பி அகாடமிக் எழுதினேன். நல்ல ஸ்கோர்தான். ஆனா கனடா பிஆருக்கு அது செல்லாது, ஜெனரல் ட்ரெயினிங்தான் வேணும். பாதி மாசச் சம்பளம் போச்சு.

அந்தத் தப்பை நீங்க செய்யக் கூடாதுன்னுதான் இந்தப் பதிவு.

1. முதல்ல நாடு, அப்புறம்தான் டெஸ்ட்

கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் ட்ரெயினிங், செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் மூணில் ஒண்ணு எழுதலாம். பிடிஇ அகாடமிக் செல்லாது. "நான் இன்ஜினியரிங் முழுக்க இங்கிலீஷ் மீடியம்"னு காலேஜ் லெட்டர் கொடுத்தாலும் எடுத்துக்க மாட்டாங்க.

பிரிட்டனுக்கு, அந்த நாட்டு அரசு அங்கீகரிச்ச டெஸ்ட்தான் வேணும். ஐஇஎல்டிஎஸ்னா 'யுகேவிஐ'னு தனியா இருக்கிறதை புக் பண்ணணும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு முதல் தடவையா விண்ணப்பிக்கிறவங்களுக்கு 2026 ஜனவரி 8-லிருந்து பி1 போதாது, பி2 லெவல் வேணும். டிகிரியை வெச்சும் இங்கிலீஷை நிரூபிக்கலாம். ஆனா நம்ம ஊர் டிகிரின்னா எக்டிஸ் அமைப்பு அதைச் சரிபார்த்துச் சான்று தரணும்.

ஆஸ்திரேலியா ஸ்கில்டு விசாவுக்கு ஐஇஎல்டிஎஸ்ல ஒவ்வொரு பிரிவிலும் குறைஞ்சது 6. நாலிலும் 7 வந்தா 10 பாயிண்ட், நாலிலும் 8 வந்தா 20 பாயிண்ட்.

2. அரை மார்க்கோட விலை

இப்ப மெயின் கணக்குக்கு வருவோம். நீங்க கல்யாணம் ஆகாதவர், ஒரு பி.இ. டிகிரி, இந்தியாவில் 3 வருஷ வேலை அனுபவம்னு வெச்சுக்குவோம். கனடாவில் தரவரிசைக்குப் பயன்படுத்துற சிஆர்எஸ் பாயிண்ட் இப்படி மாறும்:

- லிஸனிங் 7.5, மத்த மூணும் 6.5: மொழிக்கு 92 பாயிண்ட். மொழியையும் படிப்பு, அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்துத் தர்ற பாயிண்ட் 38. மொத்தம் 130.
- லிஸனிங் 8, மத்த மூணும் 7: மொழிக்கு 124. சேர்த்துப் பார்க்கிறதுக்கு 75. மொத்தம் 199.

நாலு பிரிவிலும் அரை மார்க் கூடினா 69 பாயிண்ட் ஏறுது!

இதை விட முக்கியம் இன்னொண்ணு இருக்கு. எல்லாத்திலும் நல்லா செஞ்சு, ரைட்டிங்ல மட்டும் 7-க்குப் பதிலா 6.5 வந்தா? மொழியில் போறது 8 பாயிண்ட்தான். ஆனா அந்த 75 கிடைக்கணும்னா நாலு பிரிவும் அந்த லெவலைத் தொடணும். ஒண்ணு குறைஞ்சாலும் 38-க்கு இறங்கிடும். ஆக மொத்தம் 45 பாயிண்ட் நஷ்டம். எங்க ஊர்ப் பக்கம் தறி நெய்யறவங்களைக் கேட்டுப் பாருங்க. பாவுல ஒரு இழை அறுந்ததைக் கவனிக்காம விட்டா சேலை நீளத்துக்கும் கோடு விழும். இதுவும் அப்படித்தான்.

அதனால ஓவரால் ஸ்கோரைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க. உங்களோட வீக்கான பிரிவு எதுன்னு பாருங்க. உழைப்பை அதுல போடுங்க. நம்மில் நிறைய பேருக்கு அது ரைட்டிங்தான்.

3. ஸ்கோருக்கும் எக்ஸ்பயரி டேட் இருக்கு

கனடாவுக்கு டெஸ்ட் ரிசல்ட் 2 வருஷம்தான் செல்லும். ப்ரொஃபைல் போடும்போது மட்டும் இல்ல, பிஆருக்கு விண்ணப்பிக்கிற நாளிலும் அது உயிரோட இருக்கணும். நம்ம டிகிரியை அங்க மதிப்பிடுற ஈசிஏ சான்றிதழ் 5 வருஷம் செல்லும். அதனால பாஸ்போர்ட், ஈசிஏ ரெண்டையும் முதல்ல முடிச்சுட்டு, டெஸ்டைக் கடைசியா எழுதுங்க. "சும்மா எழுதி வெச்சுக்கலாம்"னு எழுதினா, தேவைப்படுறப்போ காலாவதி ஆகியிருக்கும்.

4. கணவன் மனைவியா போறீங்களா?

கனடாவில் துணையோட இங்கிலீஷுக்கு 20 பாயிண்ட் வரைக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இது நேரடியா பணம். துணைக்கு அடிப்படை இங்கிலீஷ் தெரியும்னு காட்டலைன்னா, ஸ்கில்டு விசாவில் கூடுதலா 4,800 டாலருக்கு மேல கட்டணும். அதுக்கு ஐஇஎல்டிஎஸ்ல சராசரி 4.5 வந்தா போதும். ஒரு டெஸ்ட் ஃபீஸில் லட்சக்கணக்கில் மிச்சம்!

5. பட்ஜெட்

இந்தியாவில் ஐஇஎல்டிஎஸ் ஃபீஸ் சுமார் 18,000 ரூபாய். ரெண்டு தடவை எழுத வேண்டி வரும்னு வெச்சே திட்டமிடுங்க. 36,000 ரூபாய், அதாவது மாசம் 6,000 வீதம் 6 மாச ஆர்.டி. இதுக்குப் போய் பெர்சனல் லோன், கிரெடிட் கார்டு இஎம்ஐ வேண்டவே வேண்டாம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் தனி ஆளுக்கே 15,000 கனடா டாலருக்கு மேல சேமிப்பு காட்டணும். அது கடன் வாங்கிக் காட்டுற பணமா இருக்கக் கூடாது. அதுக்கும் இப்பவே சேமிக்க ஆரம்பிக்கணும்.

கோச்சிங்ல பணத்தைக் கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு மாக் டெஸ்ட் எழுதிப் பாருங்க. ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்கு தாட்கோ இந்தத் தேர்வுகளுக்குப் பயிற்சி தந்திருக்கு. நடப்பு அறிவிப்பு இருக்கான்னு விசாரிங்க. வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட்டைத் தேடுறவங்க, 1978-லிருந்து இயங்குற தமிழக அரசோட அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தை முதல்ல பாருங்க.

"ஸ்கோரை நாங்களே வாங்கித் தர்றோம்"னு யாராவது சொன்னா, ஓடிடுங்க. போலி ஆவணம்னு தெரிஞ்சா கனடாவில் 5 வருஷத் தடை.

கடைசியா ஒண்ணு. 199 வந்தாலும் அது இந்த ரெண்டு பகுதிக்கான பாயிண்ட்தான். வயசுக்கும் படிப்புக்கும் பாயிண்ட் தனியா வரும், கட்-ஆஃப் ஒவ்வொரு தடவையும் மாறும். பிஆர் நிச்சயம்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா வயசு ஏற ஏற பாயிண்ட் குறையும், அது நம்ம கையில் இல்ல. இங்கிலீஷ் ஸ்கோர் நம்ம கையில் இருக்கு.

விதிகளும் ஃபீஸும் அடிக்கடி மாறும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒரு தடவை சரிபாருங்க. பாயிண்ட் கணக்கை ஸ்டெப் பை ஸ்டெப்பா நம்ம சேனல் வீடியோவில் போட்டுக் காட்டியிருக்கேன். புக் பண்ணப் போற ஃப்ரெண்டு யாராவது இருந்தா, இன்னைக்கே அனுப்புங்க!