தண்ணி 'அடிக்கும்' கல்!

ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரும் காபியுமாக நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். மொட்டை மாடியிலிருந்து அம்மாவின் குரல்.

''டேய், மேல வந்து பாருடா... ஜாதிமல்லி போயிடுச்சு!''

ஓடினேன். செடி விறகாகி நின்றது. தொட்டி மண்ணைத் தட்டினால் 'டங் டங்' என்று செங்கல் சத்தம்!

எங்களுக்கு பெரிய முதலியார்சாவடி. பாண்டிச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால், கோட்டக்குப்பம் தாண்டியதும் வருகிற ஊர். வலது பக்கம் கடல், இடது பக்கம் ஆரோவில் செம்மண். தொட்டிக்கு அந்தச் செம்மண்ணைத்தான் அள்ளிப் போட்டிருந்தேன். மழையில் களி, வெயிலில் செங்கல்! 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையைக் கடந்தபோது, தொட்டி ஓட்டை அடைத்துக்கொண்டு ஒவ்வொரு தொட்டியும் ஒரு குட்டிக் குளம். அதில் தப்பிய செடியை அடுத்த மே மாத வெயில் முடித்துவிட்டது.

'போனால் போகட்டும், வேற செடி வாங்கலாம்' என்று சொல்ல முடியாது. ஊரில் வீட்டை விற்றபோது அம்மா எடுத்துக்கொண்டு வந்தது பாத்திரமோ பண்டமோ இல்லை. கிணற்றடியில் இருந்த ஜாதிமல்லியில் ஒரு கிளை. அவ்வளவுதான்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு சாம்பாரில் உப்பு மட்டும் இல்லை.

ஆபீசில் கிடைத்த ஐடியா!

திங்கட்கிழமை ஆபீசில் புலம்பினேன். பக்கத்து சீட் நண்பர் திருப்பத்தூர்க்காரர். சிரித்தார்.

''நல்லா தண்ணி அடிக்கிற பார்ட்டியா ஒண்ணைத் தொட்டியில சேர்த்து விடுங்க சார்!''

''யோவ், ஆபீஸ் நேரத்துல...''

''அட, வெர்மிகுலைட்டைச் சொல்றேன். எங்க ஊர்ப் பக்கம் செவ்வாத்தூர்ல கிடைக்கிற கல்லு. தமிழ்நாடு அரசோட 'டாமின்' கம்பெனியே வெட்டியிருக்கு. அம்பத்தூர்ல அதைப் பொரிக்க ஆலை கூட வச்சாங்க.''

''கல்லைப் பொரிப்பாங்களா?''

பொரிப்பார்களாம்! பார்க்க நம்ம காக்காப்பொன் மாதிரி மினுமினுக்கும் கல் இது. ஏடு ஏடாக அடுக்கி வைத்த புத்தகம் மாதிரி இருக்கும். ஏடுகளுக்கு நடுவே துளித்துளியாய்த் தண்ணீர் ஒளிந்திருக்கும். ஆயிரம் டிகிரியை நெருங்கும் சூட்டில் போட்டால், அந்தத் தண்ணீர் சட்டென்று ஆவியாகி ஏடுகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கல் 8 மடங்கு முதல் 30 மடங்கு வரை உப்பும்! உப்பும்போது புழு மாதிரி நெளிவதால், புழுவுக்கான லத்தீன் வார்த்தையிலிருந்து இந்தப் பெயர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் 1824-ல் முதன்முதலாக விவரித்தார்கள்.

உப்பியதும் பஞ்சு கணக்காக லேசாகிவிடும். ஒரு லிட்டர் படி நிறைய அளந்தாலும் சுமார் நூறு கிராம்தான். மொட்டை மாடியில் பாரம் ஏறுகிறதே என்று கவலைப்படும் ஹவுஸ் ஓனர்களுக்கு நல்ல சேதி.

குடிக்கும்... திருப்பிக் கொடுக்கும்!

விஷயம் இங்கேதான் இருக்கிறது. தன் எடையைப் போல மூன்று, நாலு மடங்கு தண்ணீரை இது இழுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் நம்ம ஊர்க் குடிகாரர்கள் மாதிரி உள்ளே போனது போனதுதான் என்கிற கதை கிடையாது. வேர் வந்து கேட்டால் கொடுத்துவிடும். உரத்திலுள்ள பொட்டாசியம், அம்மோனியம் சத்துக்களையும் பிடித்து வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடும். வட்டி வாங்காத பேங்க்!

நண்பர் கொடுத்த ஒரு பையோடு வீட்டுக்கு வந்தேன். செத்த மல்லியை நகத்தால் கீறிக்கொண்டே போனதில், ஒரு கிளையில் மட்டும் உள்ளே பச்சை. அதில் சாண் நீளத்துக்கு மூன்று குச்சி நறுக்கினேன். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு உள்ளே போகும்படி, ஈரமான வெர்மிகுலைட்டில் நட்டேன். மேலே பாலிதீன் கவரைக் கவிழ்த்து நிழலில் வைத்தேன்.

எங்கள் போர் தண்ணீர் லேசாகக் கரிக்கும். அந்தக் கரிப்பை இந்தக் கல் போக்கிவிடாது. அதனால் குச்சிக்கு மட்டும் கேன் தண்ணீர். ''எனக்குக்கூட கேன் தண்ணி கிடையாது, குச்சிக்கா?'' என்றார் அம்மா. பேச ஆரம்பித்துவிட்டார்!

இரண்டு குச்சி கறுத்துப் போயின. மூன்றாவது, ஆறாவது வாரத்தில், துளிர் விட்டது.

இப்போது அது பெரிய தொட்டியில் இருக்கிறது. மண், மக்கிய உரம், வெர்மிகுலைட் மூன்றும் சம பங்கு. அடியில் ஓட்டை அடைக்காமல் ஓட்டுச் சில்லு. கள்ளிச் செடி வளர்ப்பவர்கள் மட்டும் இதை அதிகம் சேர்க்க வேண்டாம். கள்ளிக்குக் கால் ஈரமாக இருந்தால் அழுகிவிடும்.

வீட்டுக்குள் வேற ஆள்!

''தம்பி, உங்க ஸ்கூட்டர் நிக்கிற இடம் பூரா ஆயில்'' என்று ஹவுஸ் ஓனர் அம்மா கூப்பிட்டார். வெர்மிகுலைட் தீர்ந்துபோயிருந்தது. தங்கையின் முல்தானி மிட்டி டப்பா கண்ணில் பட்டது. தூவி, ஒரு மணி நேரம் விட்டுக் கூட்டினேன். ஆயில் போச்சு. தங்கையிடம் வாங்கிய திட்டு தனிக் கணக்கு.

இதுவும் உறிஞ்சுகிற மண்தான். எண்ணெய்ப் பசை என்றால் விடாது. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகனில், பக்கத்து வீட்டு அம்மாள் பூனைக்குக் கொஞ்சம் மணல் கேட்டு வர, எட் லோ என்பவர் எண்ணெய் உறிஞ்ச விற்கும் இதே ஜாதிக் களிமண் குருணையைக் கொடுத்தார். பூனைக்கும் பிடித்தது, வீட்டுக்காரம்மாவுக்கும் பிடித்தது. பூனை 'கக்கூஸ் மண்' பெரிய வியாபாரமாகிவிட்டது!

பீரோ ஈரத்துக்கு? மரக்காணம் கல்லுப்பு போதும். ஒரு கிண்ணத்தில் வையுங்கள். அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தண்ணீராய் விடும். அந்தத் தண்ணீரைத் தவறிக்கூடச் செடிக்கு ஊற்றாதீர்கள். துணிக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை

அமெரிக்காவில் மான்டனா மாநிலத்து லிப்பி ஊர்ச் சுரங்கத்து வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அங்கே 1919 முதல் 1990 வரை விற்ற வெர்மிகுலைட்டில் 70 சதவீதத்துக்கு மேல் இந்தச் சரக்குதான். ஊர் ஜனங்கள் நுரையீரல் நோயில் விழுந்தார்கள், நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். 1990-ல் சுரங்கம் மூடியது. 2009-ல் அரசு அங்கே சுகாதார அவசரநிலையே அறிவித்தது.

குற்றம் வெர்மிகுலைட் மேல் இல்லை, கூட வந்த கல்நார் மேல். அதனால் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று உறுதி தருகிற சரக்காக வாங்குங்கள். பையைத் திறந்ததும் முதலில் தண்ணீர் தெளியுங்கள். தூசி பறக்கவிடாதீர்கள். மூக்கில் ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள். முல்தானி மிட்டியானாலும் அதே ஜாக்கிரதைதான்.

போன வாரம் முதல் பூ பூத்தது. ஒரே ஒரு பூ. அம்மா பறிக்கவில்லை. சாயங்காலம் மாடிக்குப் போய் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

அன்றைக்கு சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.